ஹல்காட் வீட்டு மகளின் கையெழுத்து

கண்டி,
2023 ஜூன் 11

தம்பி ராஜலிங்கம்,

இன்று ஞாயிற்றுக்கிழமை. எனக்கு எண்பத்தொரு வயதும் நான்கு மாதமும் ஒன்பது நாளும் ஆகின்றன. இதைத் தொடக்கத்திலேயே எழுதிவிடுகிறேன். ஏனெனில் உன் கடிதங்கள் என் வயதை ஏறத்தாழ மதிப்பிட்டு, அதற்குரிய அனுதாபத்தையும் சுமந்துகொண்டு வருகின்றன. நான் நலம். காது மட்டும் முற்றாகப் போய்விட்டது. பேராதனை ஆஸ்பத்திரியில் கொடுத்த கருவி மனிதர் பேச்சைத் தவிர மற்றெல்லாவற்றையும் கேட்கச் செய்கிறது. ஆகவே அது அலுமாரிக்குள் இருக்கிறது. உன் மகள் டிலானி ஏற்பாடு செய்த காட்சி அழைப்பில் அரை மணி நேரம் உன் மூக்குத் துவாரங்களைப் பார்த்ததோடு அந்த முயற்சியும் முடிந்தது. இனிமேல் கடிதம்தான். உன் முழங்கால் எப்படி? படியில் கைப்பிடியைப் பிடித்து ஏறுகிறாயா, அல்லது அயலவர் பார்க்கிறார்கள் என்று வீரம் காட்டுகிறாயா?

உங்கள் கிராமத்துப் பழம்பொருள் நூதனசாலைக்காரர்கள், ஹல்காட் குடும்பத்தின் வரலாற்றைச் சிறு நூலாக எழுதும் வேலையை உன்னிடம் தந்திருப்பதாக அறிந்தேன். முந்நூறு வருடம் துணி நெய்து பணக்காரரான ஒரு குடும்பத்தைப் பற்றி, அவர்களுடைய கடைசி ஆலையில் ஏழு வருடம் தறி திருத்திய ஒருவன் எழுதுவதில் தவறில்லை. நம் ஹந்தானைத் தோட்டத்தின் கடைசி வெள்ளைத்துரையும் அதே குடும்பத்தவர் என்பதையும், 1975இல் தோட்டம் அரசாங்கத்துக்குப் போனபோது தேயிலை மெஷின் பார்த்த உன்னை அவர்தான் சீமையில் இருந்த தம் உறவினரின் ஆலைக்குக் கூட்டிப்போனார் என்பதையும் முன்னுரையில் இரண்டு வரிக்கு மேல் எழுதாதே. வாசகன் ஹல்காட்டைத் தேடி வருகிறான், உன்னையல்ல.

எழுதியதை அனுப்பு, திருத்தித் தருகிறேன். ஒரு பழைய தாள் கையில் கிடைத்தால், அதில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன் அதை எழுதியவர் யார் என்று பார். கிடைத்த எதையும் மறைக்காதே. இவ்விரண்டையும் உனக்குப் பதின்மூன்று வயதிலேயே சொல்லியிருக்கிறேன்.

கீழே மக்கீனின் துணிக்கடை வழமைபோல் நடக்கிறது. மேலே நான் வழமைபோல் இருக்கிறேன். குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ.

அங்கம்மா


ஹெஸ்கோம்,
2023 ஜூலை 2

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி ராஜலிங்கத்தின் வணக்கம். உங்கள் கடிதம் பதினாறு நாளில் வந்தது. முழங்கால் பரவாயில்லை. கைப்பிடியைப் பிடிக்கிறேன். அயலவர் யாரும் பார்ப்பதில்லை. இந்தத் தெருவில் பகலில் ஆள் நடமாட்டமே கிடையாது. மார்ச்சில் உங்களோடு பேசிய அந்தக் காட்சி அழைப்புக்குப் பிறகு நான் தமிழில் சத்தமாகப் பேசியது போன வாரம் ஒரு பூனையிடம்.

இதுவரை தேடியதைச் சொல்கிறேன். முதல் ஹல்காட் இங்கே ஓடைக்கரையில் ஒரு ஆலையை வாங்கியிருக்கிறார். நெய்த கம்பளித் துணியைத் தண்ணீரில் போட்டு, மரச் சம்மட்டியால் நாள்கணக்கில் அடித்துக் கெட்டியாக்குகிற ஆலை. அந்த வேலைக்கு மூத்திரம் வேண்டுமாம், அக்கா. ஊரில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் பானை வைத்துச் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். இவ்வளவு பெரிய மாளிகை அதில்தான் தொடங்கியது என்று எழுதினேன்; மாளிகையில் இன்று இருக்கும் ஹல்காட் அம்மையார் அந்த வரியைச் சிவப்பால் வெட்டிவிட்டார்.

பிறகு அவர்களுடைய சிவப்புத் துணி பேர்பெற்றது. பட்டாளத்துச் சட்டைக்குப் போயிருக்கிறது. 1735 வாக்கில் சாமுவேல் ஹல்காட்டுக்கு நாற்பது தறி, வீடு வீடாக இருநூறு பெண்கள் நூல் நூற்றுக் கொடுத்திருக்கிறார்கள். அவருக்கு ஒரே மகள், ப்ரூடன்ஸ். அப்பாவுக்கு வாதத்தில் கை மடங்கிவிட்டதால், பத்தொன்பது வயதிலிருந்து எல்லாக் கடிதங்களையும் பத்திரங்களையும் அவள்தான் எழுதினாள். நூல் நூற்கிறவர்களின் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கியவளும் அவளே. ஊர்ப் பள்ளிக்கு இன்றும் அவள் பெயர்தான். அவளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உங்கள் ஞாபகம்தான் வருகிறது.

இத்துடன் ஒரு துண்டுத் துணி வைத்திருக்கிறேன். ஆலையின் மாதிரிப் புத்தகத்தில், 'ஹந்தானைக்கு' என்று எழுதி ஒட்டியிருந்தது. ஓரத்தில் இரண்டு சிவப்புக் கோடு. அம்மா மழையில் தலைக்குப் போட்டுக்கொண்டு கொழுந்தெடுக்கப் போன கம்பளி இதுதானா? அது உங்களிடம் இருந்தால் நூதனசாலையில் வைக்கக் கேட்கிறார்கள்.

ஜனவரியிலோ பெப்ரவரியிலோ வரலாம் என்று நினைக்கிறேன். சீனியைக் குறையுங்கள்.

தம்பி
ராஜலிங்கம்


கண்டி,
2023 ஜூலை 24

தம்பி,

உன் கடிதமும் துணித்துண்டும் கிடைத்தன. நலமாக இருக்கிறேன். சீனியைக் குறைத்தால் எஞ்சுவது தேநீரல்ல, மருந்து. அதற்கு நான் இன்னும் தயாரில்லை. பூனையிடம் பேசுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நான் பேசுவதற்கு அதுகூட இல்லை. போதாக்குறைக்கு என் குரலே எனக்குக் கேட்பதில்லை.

துணியை மக்கீனிடம் காட்டினேன். அக்குறணையில் மூன்று தலைமுறையாகத் துணி விற்ற குடும்பம். அவர் பேசுவது எனக்குக் கேட்காததால் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டுவார். ஆகவே அவர் சொன்னதைச் சொல் மாறாமல் தருகிறேன். ஒரு இழையை உருவிக் கொளுத்தி, மோந்து பார்த்து எழுதினார்: “டீச்சர், சாமான் அசல். ஆனா நம்மட ஊர்ல இத உடுத்தினா வேர்த்தே மௌத்தாகணும். தோட்டத்து ஆக்களுக்கா நெய்தாங்க? அப்ப, அங்க குளிரும் எண்டு யாரோ ஒருத்தனுக்குத் தெரிஞ்சிரிக்கி.” ஹல்காட் குடும்பத்தைப் பற்றி இதுவரை சொல்லப்பட்டவற்றுள் இதுவே நியாயமான மதிப்பீடு. உன் நூலில் சேர்க்கலாம்.

மூத்திரத்தைப் பற்றிய வரியைத் திரும்பச் சேர். பட்டாளத்துச் சிவப்பைப் பற்றி எழுதும்போது அவசரப்படாதே. 1815இல் கண்டியைப் பிடிக்க இந்த மலைக்கு ஏறிவந்த சிவப்புச் சட்டைகள் ஹல்காட் துணியாக இருந்திருக்கலாம் என்று எழுத உன் கை அரிக்கும். ஆதாரம் இல்லையெனில் அரிப்போடு இரு.

என்னை அந்தப் பெண்ணுடன் ஒப்பிடுவதை நிறுத்து. எனக்குப் பள்ளிக்கூடம் திறந்துவைக்க நம் அப்பாவிடம் நாற்பது தறிகள் இருக்கவில்லை. தேயிலைச் செடி வெட்டும் ஒரு கவ்வாத்துக் கத்திதான் இருந்தது.

அம்மாவின் கம்பளி இல்லை. பூச்சி அரித்துப் போயிற்று. ஒப்பிட்டுப் பார்க்க என்னிடம் ஒன்றுமில்லை.

இரவில் கால் பிடித்துக்கொள்வதாக முன்பு எழுதியிருந்தாயே, அது இப்போது எப்படி?

அங்கம்மா


ஹெஸ்கோம்,
2023 ஆகஸ்ட் 20

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். கால் பிடிப்பு குறைந்திருக்கிறது. நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மக்கீன் காக்கா சொன்னதை ஆங்கிலத்தில் எழுதிச் சேர்த்துவிட்டேன். ஹல்காட் அம்மையாருக்கும் சிரிப்பு வந்தது.

நூலின் முதல் பக்கத்தில், 'எனக்கு எழுத்தறிவித்த அக்கா அங்கம்மாவுக்கு' என்று போடப் போகிறேன். மறுக்காதீர்கள். ஹந்தானைத் தோட்டத்து லயத்து வீடுகளிலிருந்து முதன்முதல் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போன பிள்ளை நீங்கள். ஊரில் எத்தனை பேருக்குக் கடிதம், மனு, படிவம் எல்லாம் எழுதிக் கொடுத்தீர்கள். ப்ரூடன்ஸும் அதையேதான் செய்தாள்.

பெப்ரவரியில் வந்தால் இருவருமாகக் கோத்தகிரிக்குப் போய்வர வேண்டும் என்பது என் ஆசை. அப்பா அம்மாவைப் புதைத்த இடத்தில் ஒரு கல்லாவது வைக்க வேண்டும். ஐம்பது வருடமாக நான் ஊருக்கு வராததன் காரணம் உங்களுக்கு மட்டும்தான் தெரியும். ஒவ்வொரு குடும்பமும் இந்தியாவா சிலோனா என்று பிரஜாவுரிமைக்கு மனுப்போட வேண்டியிருந்த அந்த 1970இல், நீங்கள் நிரப்பி ஒட்டிக் கொடுத்த இரண்டு உறையையும் தொழிற்சங்க ஆபீசுக்குக் கொண்டுபோனவன் நான். ஒன்று அப்பா அம்மாவுடையது, ஒன்று என்னுடையது; உங்களுடையதை நீங்கள் முன்பே கொடுத்திருந்தீர்கள். அங்கே இரண்டு பெட்டி இருந்தது. ஒரே சனம். இரண்டையும் சிலோன் பெட்டியில்தான் போட்டேன் என்று இத்தனை வருடமாக நினைத்துப் பார்க்கிறேன். அந்த ஒரு நொடி மட்டும் ஞாபகத்தில் வர மறுக்கிறது. எனக்குச் சிலோன் கிடைத்தது. அவர்களுக்கு இந்தியா.

74இல் கண்டி ஸ்டேசனில் அவர்களைக் கோச்சியில் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது இதை உங்களிடம் சொன்னேன். நீங்கள், “விடு” என்று ஒரு சொல் சொன்னீர்கள். அதற்குப்பின் ஒருநாளும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டுதான் நான் இங்கே இத்தனை காலம் இருந்தேன், அக்கா.

மழைக்காலம். படிக்கட்டு வழுக்கும், பார்த்து இறங்குங்கள்.

தம்பி
ராஜலிங்கம்


கண்டி,
2023 செப்டெம்பர் 15

தம்பி,

நலம். நீயும் அவ்வாறே இருப்பாயாக. பெரஹரா ஊர்வலம் முடிந்து நகரத்தில் யானைச் சாணமும் வாழைப்பழத் தோலும் எஞ்சியிருக்கின்றன. மேளம் எனக்குக் காதில் கேட்பதில்லை. தரை வழியாக உள்ளங்காலில் ஏறுகிறது. பத்து நாளும் கதிரையில் கால்களைத் தூக்கிவைத்து உட்கார்ந்திருந்தேன்.

உன் மூன்றாம் அத்தியாயத்தில் இரண்டு பிழைகள். சிவப்புச் சாயத்துக்கான பூச்சி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது, இந்தியாவிலிருந்து அல்ல. ஓடைக்கரை ஆலை வாங்கப்பட்ட ஆண்டை ஓரிடத்தில் 1648 என்றும் மற்றோரிடத்தில் 1684 என்றும் எழுதியிருக்கிறாய்.

அர்ப்பணப் பக்கத்தை நீக்கிவிடு. கோத்தகிரிக்குப் போவதும் தேவையற்ற அலைச்சல். அங்கே புதைத்த இடத்தில் இப்போது தேயிலை நட்டிருப்பார்கள்.

முழங்காலுக்கு எண்ணெய் தடவு.

அங்கம்மா


ஹெஸ்கோம்,
2023 ஒக்டோபர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். கடிதம் மிகச் சுருக்கமாக இருந்தது. உடம்புக்கு ஏதாவது என்றால் ஒளிக்காமல் எழுதுங்கள். எனக்கு இருமல் மட்டும்.

ஒரு சிக்கல் வந்திருக்கிறது. இதை உங்களைத் தவிர வேறு யாரிடமும் கேட்க முடியாது.

மாளிகையின் பழைய பெட்டியொன்றில் 1739ஆம் வருடத்துத் தாள் ஒன்று கிடைத்தது. ஹெஸ்டர் என்ற பெண், நாற்பது வருடம் ஹல்காட் வீட்டுக்கு நூல் நூற்றவள், கல்யாணமாகாதவள். விரல் முடங்கி வேலை செய்ய முடியாமல் போனதும், ஞாயிறுதோறும் மாளிகையின் பின்வாசலில் வந்து நின்றிருக்கிறாள். ஊர்ப் பணத்தில் அவளைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அவள் இந்த ஊருக்கு உரியவளாக இருக்க வேண்டும். அதாவது முழுதாக ஒரு வருடம் இந்த ஊரில் ஒரு வீட்டில் கூலிக்கு இருந்திருக்க வேண்டும். அப்படி இல்லையென்றால் பிறந்த ஊருக்கு வண்டியில் ஏற்றி அனுப்பிவிடலாம். அன்றைய சட்டம் அது. அவள் சிறு வயதில் ஹல்காட் வீட்டிலேயே வேலைக்காரியாக இருந்திருக்கிறாள். அந்த வீட்டின் வேலையாள் பதிவேட்டைப் பார்த்தேன்; சரியாக ஒரு வருடம். ஆனால் அவளை விசாரித்து எழுதிய வாக்குமூலத்தில், 'பதினொரு மாதம்' என்று இருக்கிறது. கீழே, எழுதப் படிக்கத் தெரியாத ஹெஸ்டரின் சிலுவைக் குறி.

நாற்பது மைலுக்கு அப்பால், ஒருவரையும் தெரியாத ஊருக்கு அவளை அனுப்பிவிட்டார்கள். அந்தக் குளிர்காலத்திலேயே அங்கே புதைத்ததாகத் தேவாலயப் பதிவில் இருக்கிறது.

வாக்குமூலத்தின் கையெழுத்து ப்ரூடன்ஸுடையது. சந்தேகமே இல்லை. மூன்று மாதமாக அந்த எழுத்தைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

இதைச் சேர்க்க வேண்டாம் என்கிறார் ஹல்காட் அம்மையார். சேர்த்தால் நூலை அச்சிடப் பணம் தரமாட்டார். நூதனசாலைக்குக் கொடுத்திருக்கும் அறையையும் திருப்பிக் கேட்பார் போலிருக்கிறது. அந்த அறைதான் அக்கா இப்போது நான் போய்வருகிற ஒரே இடம். நான் என்ன செய்ய?

மருந்தை நேரத்துக்குக் குடியுங்கள்.

தம்பி
ராஜலிங்கம்


கண்டி,
2023 ஒக்டோபர் 30

தம்பி,

உன் இருமல் நின்றிருக்கும் என நம்புகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

நீ கேட்ட விடயத்தைப் பற்றி. ஒரு தாளை வைத்துக்கொண்டு ஒருத்தியின் மீது குற்றம் சுமத்துவது வரலாறாகாது. எழுதுபவர்கள் களைத்திருக்கலாம், கேட்டதைத் தவறாக விளங்கியிருக்கலாம். ஒரு மாத வித்தியாசம் கைப்பிழையாகவும் இருக்கக்கூடும். பள்ளிக்கூடத்தின் பெயரை அது மாற்றப்போவதில்லை, இறந்தவள் எழுந்துவரப்போவதுமில்லை. அந்தத் தாளைப் பெட்டியிலேயே திரும்ப வைத்துவிடு. உனக்கு அந்த அறை தேவை.

இங்கே ஒக்டோபர் மழை. சுவரெல்லாம் வியர்க்கிறது. வேறு விசேடமில்லை.

அங்கம்மா


ஹெஸ்கோம்,
2023 நவம்பர் 18

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். இருமல் நின்றுவிட்டது. உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். கையெழுத்து உங்களுடையதுதான்; ஆனால் அதை நீங்கள் எழுதியதாக நம்ப முடியவில்லை. கிடைத்த எதையும் மறைக்காதே என்று ஜூனில் எழுதியவர் நீங்கள்.

அது கைப்பிழை இல்லை. தாளை ஜன்னலில் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தேன். அந்த இடத்தில் தாள் மெலிந்திருக்கிறது. முதலில், 'முழுதாக ஒரு வருடம்' என்று எழுதி, அதைக் கத்தியால் சுரண்டி, அதன்மேல், 'பதினொரு மாதம்' என்று எழுதியிருக்கிறாள். ஹெஸ்டர் சொன்னது சரியாகவே அவள் காதில் விழுந்திருக்கிறது.

எனக்கு மனம் கேட்கவில்லை. பக்கத்தில் நின்று சாமுவேல்தான் கட்டாயப்படுத்தியிருப்பார். அந்தக் காலத்தில் ஒரு மகள் என்ன செய்திருக்க முடியும்? அப்படி எழுதினால் ப்ரூடன்ஸின் பெயரும் கெடாது, உண்மையும் மறையாது. நீங்கள் சரியென்றால் அப்படியே எழுதிவிடுகிறேன்.

இங்கே நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. உங்கள் பதிலுக்காகத் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

தம்பி
ராஜலிங்கம்


ஹெஸ்கோம்,
2023 டிசெம்பர் 27

அன்புள்ள அக்காவுக்கு,

ஐந்து வாரமாகப் பதில் இல்லை. பயந்துபோய் மக்கீன் காக்காவின் கடைக்கு டெலிபோன் எடுத்தேன். “டீச்சருக்கு ஒண்டுமில்ல தம்பி. காலைல மரக்கறிக்காரனோட தக்காளிக்குச் சண்டை புடிச்சாங்க. அவன் தோத்துட்டான்” என்றார். கொஞ்சம் நிம்மதி. பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, “ஆனா ராவைக்கு மேல லைட் அணையிறல்ல. எழுதுறாங்க, கிழிக்கிறாங்க. கூடை நிறையக் கடதாசி” என்றார்.

என்மேல் கோபமா, அக்கா? எதிர்த்து எழுதியதற்கு மன்னியுங்கள். ஜனவரி 25இல் நூல் அச்சுக்குப் போகிறது. பெப்ரவரி 3க்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். அந்தத் தாளை விடச் சொன்னால் விட்டுவிடுகிறேன். ஒரு சொல் எழுதுங்கள், போதும். முன்பும் ஒரு சொல்தான் எழுந்து நடக்க வைத்தது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி
ராஜலிங்கம்


கண்டி,
2024 ஜனவரி 9

தம்பி ராஜலிங்கம்,

எனக்கு எண்பத்தொரு வயதும் பதினொரு மாதமும் ஏழு நாளும் ஆகின்றன. நோய் எதுவுமில்லை. பத்து வாரம் எழுதாமலிருந்ததற்குக் கோபமும் காரணமல்ல. மக்கீன் துணியை அளப்பது போலவே மற்றவர்களின் குப்பைக்கூடையையும் அளக்கிறார் என்பதை இப்போது தெரிந்துகொண்டேன். இதைத் துரிதத் தபாலில் அனுப்புகிறேன். உன் நூல் அச்சேறுவதற்கு முன் வந்துசேரும்.

முதலில் நூலைப் பற்றி. ஒக்டோபரில் நான் எழுதியதைக் கிழித்துப்போடு. அந்தத் தாளைச் சேர். அம்மையார் அறையைத் திருப்பிக் கேட்டால் கொடுத்துவிடு. சாமுவேல் கட்டாயப்படுத்தினார் என்று எழுதாதே. அதற்கு ஆதாரமில்லை, எதிரான ஆதாரம் இருக்கிறது. கட்டாயத்தின் பேரில் எழுதுபவள் எடுத்த எடுப்பிலேயே பதினொரு மாதம் என்று எழுதியிருப்பாள். இவள் முதலில் உண்மையை எழுதினாள். எழுதி முடித்துத் தனியே இருந்து யோசித்த பிறகே கத்தியை எடுத்திருக்கிறாள். ஞாயிறுதோறும் பின்வாசலில் வந்து நின்றவளை இனிமேல் யாரும் பார்க்கக்கூடாது என்று அவள் விரும்பியிருக்கலாம். அது ஊகம், அதையும் எழுதாதே. தாளில் உள்ளதை எழுதி, எழுதியவளின் பெயரைப் போடு. பள்ளிக்கூடத்தை நடத்தியதும் அதே கைதான் என்பதையும் எழுது. இரண்டும் உண்மை.

இனி மற்றது. அம்மாவின் கம்பளியைப் பூச்சி அரிக்கவில்லை. அலுமாரியின் அடித்தட்டில், வேப்பிலையோடு இருக்கிறது. கோச்சி ஏறும்போது ஜன்னலால் நீட்டி, “அங்கிட்டு ஒரே வெயிலாமே, இது என்னாத்துக்கு? நீ வச்சுக்க, இங்க குளிரும்” என்று கொடுத்தாள். நீ அனுப்பிய துண்டை அதன் ஓரத்தோடு வைத்துப் பார்த்தேன். அதே இரண்டு சிவப்புக் கோடுகள்.

1969இல் அந்தக் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு, ஒரு மழை நாளில், அம்மா நான் கற்பித்த பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். ஞாயிறுகளில் விடுதிக்கு வருவது வழக்கம், அன்று வேலைநாள். கையில் கீரைக்கட்டு. காவல்காரன் ஆசிரியர் அறைக்குள் வந்து, எல்லோர் முன்னிலையிலும், “மிஸ், ஒங்க வீட்டு வேலக்காரம்மா வந்திருக்கு” என்றான். அங்கிருந்தவர்கள் என் அப்பாவைத் தோட்டத்தின் பெரிய கிளாக்கர் என்று நினைத்திருந்தார்கள். நினைக்கவைத்தவள் நான். “அங்கேயே நிற்கச் சொல்” என்றேன். கதவு திறந்திருந்தது. அம்மாவுக்குக் கேட்டது. அதன்பின் அவள் வேலைநாளில் வரவில்லை. ஞாயிறுகளில் வந்து, உள்ளே அழைத்தாலும் வெளியிலேயே நின்றாள். அதைப் பார்ப்பது இன்னும் கடினமாக இருந்தது.

பெப்ரவரி 3ஆம் திகதிக்கான உன் பயணச்சீட்டை, இக்கடிதத்தின் கடைசி வரியையும் வாசித்த பிறகு, வைத்துக்கொள்வதா விட்டுவிடுவதா என்று தீர்மானி. பின்புற அறையைத் துடைத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். அது உன்னை வற்புறுத்துவதற்காக அல்ல, தூசி இருந்தது. நீ வந்தால் கோத்தகிரிக்கு நானும் வருகிறேன். வராவிட்டால் கம்பளியைத் தபாலில் அனுப்புவேன். பதில் எழுதாமல் விட்டாலும் அதை நான் சரியாகவே விளங்கிக்கொள்வேன். அந்த மௌனத்துக்கு எனக்குப் பழக்கமுண்டு. ஐம்பது வருடமாக நான்தான் அதை நடத்திவந்தேன்.

நீ ஒருநாளும் கேட்காத கேள்வி ஒன்றுண்டு. சிலோனுக்கென்று நிரப்பிய படிவம், தவறான பெட்டியில் விழுந்தால் மட்டும் இந்தியாவுக்கான மனுவாக எப்படி மாறும்? இருவேறு படிவங்கள், தம்பி. சங்கத்தில் இருந்தவர்கள் உறையைப் பிரித்து, உள்ளே இருந்த படிவத்தைப் பார்த்துத்தான் அனுப்பினார்கள். கெட்டிக்காரனான உனக்கு இது தோன்றாமல் போனதற்கு ஒரே காரணம், உன்னைச் சந்தேகிப்பது என்னைச் சந்தேகிப்பதைவிட உனக்கு இலகுவாக இருந்ததுதான். ஸ்டேசனில் நீ அழுதுகொண்டு சொன்னபோது எனக்கு இது முழுவதும் தெரியும். தெரிந்துகொண்டுதான், “விடு” என்றேன். அது மன்னிப்பல்ல.

அப்பா செல்லச்சாமிக்கும் அம்மா ரத்தினம்மாவுக்கும் நான் முதலில் நிரப்பியது சிலோன் படிவம்தான். பிழையில்லாமல் நிரப்பி, மை காயவைத்து, ஒரு இரவு மேசையில் வைத்திருந்தேன். காலையில் அதை அடுப்பில் போட்டுவிட்டு மற்றதை எடுத்தேன். அப்பா கவ்வாத்து வேலை முடிந்து வந்து, கையைக் கழுவிக்கொண்டு, கட்டைவிரலை மையில் தொட்டார். வைப்பதற்கு முன் ஒருமுறை நிறுத்திக் கேட்டார்: “எந்தப் பக்கம்மா எழுதியிருக்க?”

“சிலோன் பக்கந்தாப்பா” என்றேன்.

அழுத்தமாக வைத்தார். ரேகை ஒன்றுகூடச் சிதறவில்லை. அம்மா எதுவும் கேட்காமல் வைத்தாள். உறையை ஒட்டி உன் கையில் கொடுத்தேன். நீ அதை எந்தப் பெட்டியில் போட்டிருந்தாலும் சரியே. உள்ளே இருந்தது இந்தியப் படிவம்.

அங்கம்மா